லைப்சிக் தோமானர் பையன்கள் கொயர்: மகரக்கட்டு உடைந்துகொண்டே இருக்க, 800 வருஷம் எப்படி ஓடுகிறது?

பேஸ்வரிசை:

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துத் தோமா ஆலயத்துப் பையன்கள் கொயர் (பாடகர் குழு) பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் விவரம் வேண்டும். 1212-ல் தொடங்கியது, இசையமைப்பாளர் பாக் 1723 முதல் 1750 வரை அங்கே கான்டராக (கொயரின் இசைத் தலைவராக) இருந்தார் என்ற அளவுக்கு எல்லா இடத்திலும் கிடைக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் கிடைக்கவில்லை.

சோப்ரானோ என்ற உச்சக் குரலில் பாடும் பையனுக்கு மகரக்கட்டு உடைந்தால், அதாவது பருவ வயதில் குரல் தடித்தால், அந்தக் குரல் போயிற்று. நாலைந்து வருஷத்துக்குள் மேல்குரல் வரிசை முழுக்கப் புது ஆட்களாகிவிடும். இப்படி ஆள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு குழு, பாக்கின் எட்டுக்குரல் மோட்டெட்டுகளை (பல குரல் சேர்ந்து பாடும் ஆலயப் பாட்டுகளை) இத்தனை காலமாக விடாமல் எப்படிப் பாடுகிறது? குரல் உடையும் நேரத்தில் அந்தப் பையனை என்ன செய்வார்கள்? விடுதியில் கட்டாயம் தங்க வேண்டுமா? பாக் காலத்தில் ஒரு குரலுக்கு எத்தனை பேர் நின்று பாடினார்கள்?

பையன்களுக்குப் பாட்டுப் பயிற்சி கொடுப்பவர்கள் யாராவது இருந்தால் பயிற்சி முறையையும் எழுதுங்கள். தொண்டை கட்டாமல் மேல்ஸ்தாயியை எப்படி எடுக்க வைப்பது என்பது என் தனிக் கேள்வி.

---

கோரல்மெட்டு:

நல்ல கேள்வி சார். விடை அந்தக் கொயரின் அமைப்பிலேயே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் மாதிரி இடங்களில் மேல்குரல் பாடுவது சின்னப் பையன்கள், டெனர், பேஸ் என்ற கீழ்க்குரல்களைப் பாடுவது கல்லூரி மாணவர்கள். பையனுக்குக் குரல் உடைந்தால் அவன் கொயரை விட்டு வெளியே போகிறான். லைப்சிக்கில் அப்படி இல்லை. 9 வயது வாக்கில் சோப்ரானோவாகவோ அதற்கு அடுத்த ஆல்டோவாகவோ சேரும் பையன், குரல் உடைந்த பிறகு அதே கொயரில் டெனர் அல்லது பேஸ் ஆகி, பள்ளிப் படிப்பு முடியும் 18 வயது வரை நிற்கிறான். நூறு பேர் கொண்ட கொயரில் எந்த நேரத்திலும் பின்வரிசையில் நிற்பவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரு காலத்தில் முன்வரிசையில் அதே மோட்டெட்டின் சோப்ரானோ வரியைப் பாடியவர்கள். புதுப் பையன் எங்கே மூச்சு விடுவான், எந்த இடத்தில் சுருதி இறங்குவான் என்று பக்கத்தில் நிற்கும் பெரிய பையனுக்கு முன்கூட்டியே தெரியும். கான்டர் மாறினாலும் இந்தச் சங்கிலி அறுவதில்லை.

விடுதியும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. அலும்னாட் என்ற விடுதியில் ஒவ்வோர் அறைக்குழுவிலும் வெவ்வேறு வகுப்புப் பையன்களைக் கலந்து போடுவார்கள். மூத்தவன் பொறுப்பாளி. சின்னவன் படுக்கையைச் சரிசெய்தானா, நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டானா, ஒத்திகைக்கு நேரத்துக்குக் கிளம்பினானா என்று பார்ப்பது அவன் வேலை. கொயருக்குள் மூத்த மாணவர்களிலிருந்து ‘ப்ரிஃபெக்ட்’ தேர்வாகி, கான்டர் இல்லாத நேரத்தில் ஒத்திகை எடுப்பார்கள், சில சமயம் கோரலையும் (சபையார் பாடும் ஞானப்பாட்டு) நடத்துவார்கள். இந்தப் பதவி பாக் காலத்திலிருந்தே உண்டு. யார் ப்ரிஃபெக்ட்டை நியமிப்பது என்பதில் பாக்குக்கும் தலைமை ஆசிரியர் எர்னெஸ்டிக்கும் 1736-ல் மூண்ட சண்டை நகரசபை வரை போனது. வெறும் அதிகாரச் சண்டை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாக் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமை நான்கு ஆலயங்களில் பாட்டு; கான்டர் ஓர் ஆள்; மற்ற இடங்களில் கையசைத்து நடத்துவது ப்ரிஃபெக்ட்தான். தாளம் பிசகாத பையன் அங்கே நிற்காவிட்டால் ஆராதனையே குலைந்துவிடும்.

இனி எண்ணிக்கை. 1730 ஆகஸ்ட் 23 தேதியிட்டு பாக் நகரசபைக்குக் கொடுத்த மனு இருக்கிறது. ஒரு கொயருக்குக் குறைந்தது 12 பேர் வேண்டும், குரலுக்கு மூன்று பேர் என்கிறார். ஏன் மூன்று? யாராவது ஒருவன் படுத்துவிட்டாலும் இரட்டைக் கொயர் மோட்டெட் ஒன்றையாவது பாடிவிடலாம் என்பதற்காக. இந்தப் பருவத்தில் பையன்கள் அடிக்கடி படுக்கிறார்கள், பள்ளி வைத்தியர் மருந்துக்கடைக்கு எழுதிக்கொடுத்த சீட்டுகளைப் பார்த்தாலே தெரியும் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறார். குரலுக்கு நான்கு பேர், மொத்தம் 16 என்றால் இன்னும் நல்லது என்று ஒரு துணைக்குறிப்பு.

மூன்று கொயருக்கு 12 வீதம் 36 பேர் சங்கீதம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். நான்காவதான பீட்டர் ஆலயத்துக்கு மிச்சம் மீதி போகிறது, கோரல் ஒன்றை மட்டும் தட்டுத்தடுமாறிப் பாடத் தெரிந்தவர்கள். மனுவின் கடைசியில் விடுதிப் பையன்களைப் பெயர் பெயராகப் பிரித்துப் போட்டிருக்கிறார்: உடனே பயன்படக்கூடியவர்கள் 17, இன்னும் தேற வேண்டியவர்கள் 20, தேறவே மாட்டார்கள் 17. ஆக 54 பேரில் கைக்கு உதவுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் வயோலா, செல்லோ வாசிக்க ஆளில்லாமல் பாடுகிற பையன்களிலிருந்தே எடுக்க வேண்டிய நிலை. நகரம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த வாத்தியக்காரர்கள் எட்டே பேர்.

ஏன் இப்படி ஆனது? பையன்களைச் சேர்ப்பதில் கடைசி முடிவு நகரசபை கையில் இருந்தது. கான்டர் குரல் பார்த்துக் குறிப்பு எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். 1729-ல் பாக் தகுதியில்லை என்று எழுதியவர்களில் சிலரையும் சபை சேர்த்துக்கொண்டது. ஏழைப் பையன்களுக்குச் சோறும் படிப்பும் கொடுக்கும் தர்மப் பள்ளி அது. சபை ஒரு கண்ணால் பார்த்தது, கான்டர் வேறு கண்ணால் பார்த்தார். எனவே 800 வருஷமும் தரம் ஒரே மாதிரி இருந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

---

தரங்கைக்காற்று:

கோரல்மெட்டு அண்ணன் சொன்னதோடு பணக் கணக்கையும் சேர்க்க வேண்டும். அதில்லாமல் அந்தச் சமூக வாழ்க்கை பிடிபடாது.

1212-ல் அந்தப் பகுதி ஆட்சியாளர் மார்கிரேவ் டீட்ரிக் அகுஸ்தீன் துறவிகளுக்கு மடம் கட்டிக்கொடுத்தபோது பையன்கள் வழிபாட்டில் பாடுவதற்காகவே பள்ளி வந்தது. 1539-ல் லைப்சிக் லுத்தரன் சீர்திருத்தத்துக்கு மாறியது, பெந்தெகொஸ்தே நாளில் லூத்தரே தோமா ஆலயத்தில் பிரசங்கித்தார். மடம் கலைந்து 1543-ல் எல்லாம் நகரசபை கைக்கு வந்தது. அன்றிலிருந்து கொயர் நகரத்துச் சொத்து, இன்றும் அப்படித்தான். பாடுவது ஆலயத்தில், நடத்துவது நகரசபை. கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிச ஆட்சியிலும் கொயர் கலையாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பாக் பெயரின் மதிப்பு இன்னொரு காரணம்.

அந்தக் காலத்துப் பையன்கள் தங்கள் செலவுக்குத் தாங்களே பாடிச் சம்பாதித்தார்கள். கூரெண்டே என்பார்கள்: கறுப்பு அங்கியோடு தெருத்தெருவாகப் போய் வீட்டு வாசலில் பாடிக் காசு வாங்குவது. திருமணம், சவ அடக்கம் எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள், இறந்தவரின் அந்தஸ்துக்கு ஏற்றபடி பள்ளி முழுவதுமோ பாதியோ பின்னால் நடக்கும். வந்த பணம் ஆசிரியர்கள், கான்டர், பையன்கள் என்று பங்கு பிரியும். 1730 அக்டோபரில் பாக் தன் பழைய நண்பர் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தில் வருஷ வரும்படி சுமார் 700 தாலர் (அன்றைய வெள்ளி நாணயம்), சாவு அதிகமானால் வரும்படி கூடும், காற்று ஆரோக்கியமாக இருந்தால் குறையும், போன வருஷம் அப்படி 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்று எழுதுகிறார். படிக்க என்னவோ போல இருந்தாலும் அன்றைய கான்டரின் சம்பள அமைப்பே அதுதான்.

இதில் கெட்டுப்போனது குரல். பனிக்காலத்தில் திறந்த வெளியில் கத்திப் பாடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாடத்தில் ஏறினால் சோப்ரானோ எங்கிருந்து வரும்? பாக்குக்கு முன்பு கான்டராக இருந்த கூனாவ் இதை நகரசபையிடம் முறையிட்டிருக்கிறார்.

விடுதி மேற்பார்வைக்கு நான்கு மூத்த ஆசிரியர்கள், வாரத்துக்கு ஒருவராக முறை. பாக்குக்கும் அந்த முறை வந்தது. கோடையில் காலை 5 மணி, குளிர்காலத்தில் 6 மணிக்குப் பையன்களை எழுப்பி, கால் மணி நேரத்தில் ஜெபத்துக்குக் கூட்டி, சாப்பாட்டு நேரத்தில் கூடவே இருந்து, இரவு விளக்கணைத்தார்களா என்று பார்ப்பது வரை அவர் பொறுப்பு. அதே வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கான கன்டாட்டா (பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த ஆராதனை இசை) எழுத வேண்டும். எழுதியதும் பையன்கள் உட்கார்ந்து குரல்வாரியாகப் பிரதி எடுப்பார்கள். இன்று கையில் கிடைக்கும் பாக்கின் மூலப் பிரதிகளில் நிறைய அந்தப் பள்ளிப் பையன்களின் கையெழுத்து.

நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபைகளை ஏற்று நடத்தியது லைப்சிக் மிஷன். அதிலிருந்துதான் 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. மிஷனரி ஃபப்ரிசியுஸ் 18-ஆம் நூற்றாண்டில் தமிழாக்கிய ஞானப்பாட்டுகள் ஜெர்மன் கோரல் மெட்டுகளில் உட்காருபவை. அதனால் பாக்கின் கன்டாட்டா முடிவில் வரும் கோரலைக் கேட்கும்போது லுத்தரன் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு மெட்டு உடனே பிடிபடும்.

---

மேல்ஸ்தாயி:

குரல் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் எழுதுகிறேன்.

பருவ வயதில் குரல்நாண் நீண்டு தடிக்கிறது, குரல்வளை கீழே இறங்குகிறது. பேச்சுக் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். பாக் காலத்துப் பையன்களுக்கு இது 16, 17 வயதில் நடந்ததாக அந்தப் பள்ளிப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று 12 முதல் 14-க்குள் ஆரம்பித்துவிடுகிறது. சத்துணவு கூடியது முக்கியக் காரணம். விளைவைப் பாருங்கள்: பாக் கையில் ஒரு சோப்ரானோ ஐந்தாறு வருஷம் பழுத்து, மூளையும் வளர்ந்து, 15 வயதில் கடினமான ஏரியா (தனிக்குரல் பாட்டு) பாடினான். இன்றைய கான்டருக்கு ஒரு பையன் கிடைப்பது மூன்று அல்லது நான்கு வருஷம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் லைப்சிக்கில் கொயரை ஒட்டியே மழலையர் பள்ளி, ஆரம்பப் பள்ளி எல்லாம் கட்டிச் சின்ன வயதிலேயே தொடங்குகிறார்கள்.

குரல் உடையப் போவதன் அடையாளங்கள் வரிசையாக வரும். முதலில் காலையில் கரகரப்பு. அடுத்து மேலே இருக்கும் எஃப், ஜி சுரங்கள் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. பிறகு நடுவில் இரண்டு மூன்று சுரங்கள் காற்றாகப் போகும். பேச்சுக் குரல் இறங்குவது இதோடு சேர்ந்தே நடக்கும். கவனிக்க வேண்டியது: சிலருக்கு மேல்ஸ்தாயி கடைசி வாரம் வரை பிரமாதமாக இருக்கும், ஆனால் கழுத்து நரம்பு புடைக்கும், தாடை முன்னே வரும். அப்போது அவன் பழைய குரலை வலிந்து பிடித்துவைத்திருக்கிறான் என்று அர்த்தம். சோலோவுக்கு ஆள் வேண்டும் என்று அவனை இழுத்து வைத்தால் பின்னால் டெனர் குரலில் விரிசல் தங்கிவிடும்.

இந்தக் காலத்தில் என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஜெர்மன் வழக்கில் கொயர் பாட்டிலிருந்து சில மாதம் முழு ஓய்வு கொடுப்பது பழைய முறை. அமெரிக்காவில் கூக்சி வகுத்த முறையில் ஓய்வே வேண்டாம், குரல் இருக்கும் இடத்துக்கு ஏற்றபடி வரியை மாற்றிக்கொடு, வசதியாக வரும் ஐந்தாறு சுரத்துக்குள் மெதுவாகப் பாடவிடு என்பார்கள். இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முழுசாக வாய் மூடிய பையன் ஆறு மாதம் கழித்துத் திரும்பும்போது மூச்சுப் பழக்கமும் காதும் மழுங்கியிருக்கும். எந்தக் கட்சியானாலும் இரண்டு விஷயத்தில் ஒற்றுமை: உச்சக் குரலை வற்புறுத்தாதே, தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசவிடாதே. கிசுகிசுப்பு ஓய்வு மாதிரித் தோன்றும், ஆனால் அழுத்திக் கிசுகிசுத்தால் குரல்நாணுக்குச் சாதாரணப் பேச்சைவிட அதிகச் சிரமம்.

பயிற்சிக்கு வருவோம். பையன்களின் விளையாட்டுத் திடல் கத்தல் முழுக்க நெஞ்சுக் குரல். கீழே ‘ஸ’-விலிருந்து ஏற்றிக்கொண்டே போனால் அந்தக் கத்தலையே மேலே தூக்கிக்கொண்டு போவான். நடு ஸ்தாயியின் ஏ, பி வந்ததும் தொண்டை இறுகும், அதற்கு மேல் கீச்சுதான். அதனால் மேலிருந்து கீழே வர வேண்டும். பியானோவில் நடு சி-க்கு மேலே வரும் அடுத்த சி, டி பக்கத்தில் ‘நூ’ என்று மெல்லிசாக எடுக்கச் சொல்லி, ஐந்து சுரம் வழுக்கிக்கொண்டே இறங்கச் சொல்லுங்கள். அரை சுரம் ஏற்றி மறுபடி. இறங்கும்போது தலைக்குரலின் மெல்லிசை நடுவரை கொண்டுவருவதுதான் நோக்கம். சத்தம் குறைவாக இருக்கும், பரவாயில்லை, ஒன்றிரண்டு மாதத்தில் தானே நிறையும். பத்து நிமிஷம் போதும். ‘ஊ’ நிலைத்த பிறகு ‘ஓ’, அப்புறம் ‘ஆ’. ‘ஈ’, ‘ஏ’ இரண்டையும் கடைசியில் வையுங்கள், அவற்றில்தான் வாய் அகன்று குரல் தட்டையாகும்.

சுருதி இறங்குவதற்குப் பெரும்பாலும் காது காரணமில்லை. ஒரே சுரத்தை நாலைந்து தடவை திருப்பிப் பாடும் இடம், மூன்றாம் சுரம் கீழ்நோக்கி வரும் இடம், காற்றோட்டம் இல்லாத அறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தே பாடுவது, இந்த நான்கைப் பாருங்கள். திரும்பத் திரும்ப இறங்கினால் அந்தப் பாட்டை அரை சுரம் ஏற்றி எடுத்துப் பாருங்கள். பல சமயம் நேராகிவிடும், ஏனென்றால் குரல் மாறும் விளிம்பிலிருந்து அந்த வரி நகர்ந்துவிடுகிறது.

பாக்கின் நீண்ட ஓட்டங்களுக்கு எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு விட்டால் ஓட்டை விழும். பக்கத்துப் பக்கத்துப் பையன்களுக்கு வேறு வேறு மூச்சு இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொடுங்கள். மூச்சு விட்டவன் திரும்ப நுழையும்போது மெதுவாக நுழைய வேண்டும். இதை மறந்தால் ஒவ்வொரு நுழைவும் உதைத்த மாதிரி கேட்கும்.

---

பேஸ்வரிசை:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு இடம் குழப்புகிறது. பாக் கன்டாட்டாக்களைக் குரலுக்கு ஒரே ஒருவர் பாடியதாக வாதம் இருக்கிறதே? 1730 மனுவில் குரலுக்கு மூன்று பேர் என்றால் அது எப்படிப் பொருந்தும்?

---

கோரல்மெட்டு:

அது இசை ஆய்வாளர் ஜோஷுவா ரிஃப்கின் 1981-ல் கிளப்பியது, ஆண்ட்ரூ பாரட் பின்னால் விரித்தார். அவர்கள் பிடி பிரதிகளில் இருக்கிறது: பெரும்பாலான கன்டாட்டாக்களுக்குக் குரலுக்கு ஒரே ஒரு தாள்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தத் தாளில் ஏரியாவும் கோரஸும் சேர்ந்தே எழுதியிருக்கும். ஒரு தாளை ஒருவர்தான் பார்த்துப் பாடினார் என்றால் குரலுக்கு ஒருவர். மனுவில் சொல்லும் 12 பேர் ஒரு ஆலயத்துக்குரிய பட்டியல், மோட்டெட்டுக்காகவும் நோய்க்குப் பதில் ஆளுக்காகவும் என்பது அவர்கள் வாசிப்பு. எதிர்க்கட்சி, ஒரு தாளை மூன்று பேர் சேர்ந்து பார்த்துப் பாடியிருக்கலாம், அல்லது மற்ற தாள்கள் தொலைந்திருக்கலாம் என்கிறது.

ரிஃப்கின் வாதம் பலமானது, எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மோட்டெட்டுக்கு அதை இழுத்துப் போடக்கூடாது. ஆராதனையில் வாராவாரம் பாடியது ‘ஃப்ளோரிலேகியம் போர்டென்ஸே’ என்ற அச்சான மோட்டெட் தொகுப்பிலிருந்து. பையன்கள் கையில் புரண்டு புரண்டு கிழிந்து, பாக் காலத்தில் பள்ளிக்குப் புதுப் பிரதி வாங்க வேண்டியிருந்தது. அது பலர் சேர்ந்து பாடும் பாட்டு.

இன்னொன்று, உங்கள் முதல் கேள்வியோடு சேர்ந்தது. பாக் போன பிறகு கன்டாட்டாக்கள் பெரும்பாலும் அலமாரிக்குப் போய்விட்டன. மோட்டெட்டுகளைப் பையன்கள் விடவில்லை. 1789-ல் மொட்ஸார்ட் லைப்சிக் வந்தபோது கான்டர் டோலஸ் ‘ஸிங்கெட் டெம் ஹெர்ன்’ மோட்டெட்டைப் பாடவைத்தார். இசை எழுத்தாளர் ரோக்லிட்ஸ் எழுதிவைத்ததன்படி, மொட்ஸார்ட் சில வரி கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்து, முடிந்ததும் நோட்டு கேட்டார். எல்லாக் குரலும் சேர்ந்த ஸ்கோர் அங்கே இல்லை. தனித்தனிக் குரல் தாள்களை வாங்கிக் கையில், முழங்காலில், பக்கத்து நாற்காலிகளில் பரப்பி வைத்துக்கொண்டு படித்தாராம். ஸ்கோரே இல்லாமல் பையன்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம்.

---

தரங்கைக்காற்று:

போய்க் கேட்க விரும்புகிறவர்களுக்கு: பள்ளி நடக்கும் காலத்தில் வெள்ளி மாலை 6 மணி, சனி மதியம் 3 மணி, இரண்டும் மோட்டெட் ஆராதனை. சனிக்கிழமை பெரும்பாலும் கன்டாட்டாவும் உண்டு, கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவோடு. டிக்கெட் கிடையாது, வாசலில் சிறு தொகைக்கு நிகழ்ச்சித்தாள் வாங்கினால் அதுவே நுழைவு. பள்ளி விடுமுறையிலும் கொயர் சுற்றுப்பயணம் போயிருக்கும்போதும் வேறு குழுக்கள் பாடும், எனவே தேதியைப் பார்த்துவிட்டுப் பயணம் போடுங்கள்.

கொயர் நிற்பது மேற்கு மாடத்தில், ஆர்கன் பக்கம். பெஞ்சுகள் பீடத்தைப் பார்த்து இருப்பதால் பாட்டு முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். மாடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மேல்குரல் மங்கும். நடுக்கூடத்தில் பாதி தூரத்துக்கு முன்னால் இடம் பிடியுங்கள். சின்னப் பையன்கள் மாலுமிச் சட்டையில், குரல் உடைந்தவர்கள் கறுப்பு சூட்டில் நிற்பார்கள். யார் எந்தக் குரல் என்று அதை வைத்தே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். கோரல் வரும்போது சபையாரும் சேர்ந்து பாடுவார்கள், ஜெர்மன் வரிகள் நிகழ்ச்சித்தாளில் இருக்கும்.

---

மேல்ஸ்தாயி:

பேஸ்வரிசை, ‘நூ’ பயிற்சியை ஆரம்பிக்கும்போது முதல் இரண்டு வாரம் பியானோவைப் பையன்களோடு சேர்த்து வாசிக்காதீர்கள். ஒரே ஒரு சுரத்தைக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பியானோ கூடவே ஓடினால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாடுவார்கள், யார் இறங்குகிறான் என்று உங்களுக்கும் தெரியாது. 20 பேருக்கு மேல் இருந்தால் நாலு நாலு பேராகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் பழகிய பையன் ஒருவனை நடுவில் நிறுத்துங்கள். ஓரத்தில் நிறுத்தினால் ஒரு பக்கத்துப் பையனுக்கு மட்டும்தான் அவன் குரல் போய்ச் சேரும்.